மாட்டுக்கு ஊசி போட்டால் சான்று போகுமா, போகாதா?

கால்நடைப் பராமரிப்புத் துறை அலுவலர்களுக்கும் அங்ககச் (இயற்கை வேளாண்மைச்) சான்றளிப்பு ஆய்வாளர்களுக்கும் வணக்கம்.

மாடுகளைத் தாக்கும் வைரஸ் நோயான தோல் கழலை நோய் 2019இல் ஒடிசாவில் தலைகாட்டியதிலிருந்து நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும். சென்ற தடுப்பூசி முகாமில், அங்கக முறைக்கு மாறிக்கொண்டிருக்கும் பண்ணைகளின் மாடுகளை மட்டும் வரிசையிலிருந்து திருப்பி அனுப்பினார்கள். ஊசி போட்டால் அங்ககச் சான்று போய்விடுமாம். நோய் பரவும் வட்டாரத்தில் தடுப்பூசி போடலாம் என்றுதான் தேசிய அங்கக உற்பத்தித் திட்ட விதி சொல்கிறது. மரபணு மாற்றத் தடுப்பூசிக்குத்தான் தடை. தோல் கழலைக்காக நம் மாடுகளுக்குப் போடும் ஆட்டம்மைத் தடுப்பூசியோ வீரியம் குறைத்த வைரஸ், மரபணு மாற்றியதல்ல. கோமாரி ஊசியிலும் இதே குழப்பம். இதைத் தமிழில் ஒரு பக்கச் சுற்றறிக்கையாகக் கையெழுத்திட்டுக் கொடுங்கள் என்பதே எங்கள் கோரிக்கை.

எழுத்தில் எதுவும் இல்லாததால் வதைபடுவது மாடுதான். காய்ச்சல் 105 டிகிரியைத் தொடும், உடம்பெங்கும் கழலை கிளம்பும், கால் வீங்கும், பால் பாதியாகும். வெற்றிலை 10, மிளகு 10 கிராம், உப்பு 10 கிராம் அரைத்து வெல்லம் சேர்த்துக் கைமருந்தாக முதல் நாள் மூன்று மணிக்கொரு முறை கொடுக்கிறார்கள். புண்ணுக்குக் குப்பைமேனி, வேப்பிலை, பூண்டு, மஞ்சள் காய்ச்சிய எண்ணெய். நோய் லேசாக இருந்தால் இது போதும். கழலை உடைந்து சீழ் வைத்து, மூச்சு இரைக்கத் தொடங்கினால் போதாது. அப்போது ஆன்டிபயாடிக் வேண்டும், வைரஸுக்கு அல்ல, பின்னால் வரும் பாக்டீரியாவுக்கு. வேறு வழியில்லாதபோது அதற்கும் விதி இடம் தருகிறது. ஆனால் பாலை விற்காமல் ஒதுக்கும் நாள் இரு மடங்கு: மருந்துப் புட்டியில் 4 நாள் என்றிருந்தால் 8 நாள். ஆறு லிட்டர் கறக்கும் மாட்டுக்கு 48 லிட்டர் கீழே. அதையாவது தாங்கலாம். "சான்று போச்சு" என்ற வாய்வார்த்தைக்குப் பயந்து ஆன்டிபயாடிக் ஊசியைத் தள்ளிப்போடுவதால்தான் புண்ணில் புழு வைக்கிறது, நுரையீரல் கெடுகிறது.

"கொட்டகையைச் சுத்தமாக வையுங்கள்" என்ற துண்டறிக்கைக்கு மட்டும் குறைவே இல்லை. நோயைச் சுமக்கும் கடி ஈ, மூத்திரம் ஊறிய வைக்கோலிலும் சாணத்திலும் முட்டையிடும். அங்ககத்துக்கு மாறும் பண்ணையில் எருக்குவியல் பெருக்கத்தானே செய்யும்? குவியலைக் கொட்டகையிலிருந்து தள்ளிப் போட்டு வாரம் ஒருமுறை கிளறச் சொல்லும் ஒரு வரி அந்தத் துண்டறிக்கையில் கிடையாது. முகாமில் மாட்டுக்கு மாடு ஊசிமுனையை மாற்றாமல் குத்துவதைப் பற்றியும் கிடையாது. அதைவிடப் பெரிய ஈ வேறெங்கே இருக்கிறது?

கோபத்தில் வார்த்தை நீண்டிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஊசி போட்டு எதிர்ப்புச் சக்தி வர மூன்று வாரமாகும்; வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் ஈயும் கொசுவும் பெருகிவிடும். ஆகவே செப்டம்பர் முதல் வாரத்துக்குள் அந்த ஒரு பக்கச் சுற்றறிக்கையை எல்லாக் கால்நடை மருந்தகங்களிலும் ஒட்டச் செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். எந்தத் தடுப்பூசி போடலாம், எந்த மருந்துக்கு எத்தனை நாள் பால் ஒதுக்க வேண்டும், எந்தப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்ற மூன்றும் அதில் இருக்கட்டும்.

இப்படிக்கு,
அங்கக முறைக்கு மாறிவரும் கறவை மாட்டுப் பண்ணையாளர்கள்