பின்சீட்டிலிருந்து தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய பட்டியல் வந்து சேர்ந்தது. சாலையிலும் மண்பாதையிலும் நெடும்பயணம் போகும் ஐந்து அட்வெஞ்சர் டூரிங் பைக்குகள். ஒவ்வொன்றுக்கும் சிசி, குதிரைத்திறன், டார்க் என்ற சுழற்றுவிசை, முன்சக்கர அளவு எனக் கட்டம் போட்டு எழுதியிருக்கிறாய். பள்ளிக்கூடத்தில்கூட நீ இவ்வளவு சுத்தமாக நோட்டு எழுதியதில்லை. கடைசி வரியில், 'அத்தானிடம் காட்டிக் கருத்துக் கேட்டுச் சொல் அக்கா' என்றிருக்கிறாய். காட்டவில்லை. அவர் 12 ஆண்டுகளாக ஓட்டுகிறார். அந்த 12 ஆண்டுகளும் பின்னால் உட்கார்ந்திருந்தவள் நான். 'இருவர் போவதற்கு' என்று தலைப்புப் போட்டுவிட்டு இரண்டாம் ஆளுக்கென்று ஒரு கட்டம்கூட நீ வைக்காததால், பதிலை நானே எழுத வேண்டியதாகிவிட்டது.

முதலில் ஒரு கட்டம் சேர்த்துக்கொள்: வண்டி எவ்வளவு சுமக்கலாம்? இதை விளம்பரத்தில் தேடாதே. கையேட்டில், வண்டியும் ஆட்களும் சாமான்களும் சேர்ந்து எவ்வளவு எடைவரை போகலாம் என்று ஓர் எண் இருக்கும். அதிலிருந்து பெட்ரோல் நிரப்பிய வண்டியின் எடையைக் கழி. மிஞ்சுவதுதான் உங்களுக்கு. உன் பட்டியலில் முதலில் நிற்கும் பிஎம்டபிள்யூ ஆர் 1250 ஜிஎஸ் வண்டியையே எடுத்துக்கொள்வோம். மொத்தம் 465 கிலோ, வண்டி 249 கிலோ, மீதி 216. தாராளம் என்றுதான் தோன்றும். நீ 75, உன் மனைவி 60 என்று வைத்தால் 135 போயிற்று. ஹெல்மெட், ஜாக்கெட், பூட்ஸ் என்று ஆளுக்கு 8 கிலோ, 151 ஆயிற்று. மூன்று அலுமினியப் பெட்டிகளும் அவற்றைத் தாங்கும் சட்டங்களும் வெறுமையாகவே 20 கிலோ வரை வரும், 171. ஆக, கூடாரம், துணிமணி, கருவிகள், தண்ணீர் எல்லாவற்றுக்கும் சேர்த்து 45 கிலோ. பெரிய வண்டிக்கே இதுதான் நிலைமை. நடுத்தர வண்டிகளில் கணக்கு இன்னும் இறுகும். மற்ற நான்குக்கும் நீயே போட்டுப் பார். அவளுடைய எடையைக் கேட்காமல் தோராயமாகப் போட்டுக்கொள்வது உனக்கு நல்லது.

அளவு மீறினால் என்ன ஆகும் என்பதை நாங்கள் பட்டுத்தான் தெரிந்துகொண்டோம். முதல் வண்டி, முதல் நெடும்பயணம். இருட்டிவிட்டது. எதிரே வந்த ஒவ்வொரு வண்டியும் விளக்கை மின்னி மின்னிக் காட்டித் திட்டாத குறையாகப் போயிற்று. 'யாருக்குமே பொறுமை இல்லை' என்று உன் அத்தான் முணுமுணுத்துக்கொண்டே ஓட்டினார். மறுநாள் காலையில் நான் வண்டியில் ஏறி உட்கார்ந்ததைத் தள்ளி நின்று பார்த்தவர் ஒருவர் சொல்லித்தான் விஷயம் விளங்கியது. பின்பக்கம் அவ்வளவு அமுங்கியதில் எங்கள் முகப்பு விளக்கு சாலையை விட்டுவிட்டு எதிரே வருபவர்களின் கண்ணைப் பார்த்திருக்கிறது. விளக்கோடு போயிருந்தால் பரவாயில்லை. பின்புறம் தாழ்ந்து முன்புறம் நிமிரும்போது முன்சக்கரத்தின் மேலுள்ள பாரம் குறைந்துவிடுகிறது. ஹேண்டில்பார் இலேசாகிவிடும், வளைவில் வண்டி வெளிப்பக்கமாகவே ஓடப் பார்க்கும். பள்ளத்தில் இறங்கினால் ஷாக் அப்சார்பர் அடிவரை போய் இடிக்கும். அந்த இடி நேராகப் பின்சக்கரத்துக்கு மேலே உட்கார்ந்திருப்பவளின் முதுகெலும்புக்கு வரும். ஓட்டுகிறவருக்கு அதன் எதிரொலிதான் கேட்கும்.

அதனால் பின் ஸ்பிரிங்கின் பிரீலோடை, அதாவது அதை முன்கூட்டியே அழுத்தி வைக்கும் அளவை, எப்படி மாற்றுவது என்று வாங்கும்போதே பார். கையால் திருகும் குமிழ் இருந்தால் அவள் ஏறும்போதும் இறங்கும்போதும் மாற்றுவீர்கள். ஸ்பேனரை எடுத்து இருக்கைக்குக் கீழே குனிய வேண்டுமென்றால் முதல் வாரம் மாற்றுவாய், பிறகு விட்டுவிடுவாய். எல்லா ஆண்களும் அப்படித்தான். ஆட்களும் மூட்டையும் ஏறிய பிறகு பின் சஸ்பென்ஷன் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும்) அமுங்கும் அளவு அதன் மொத்த ஓட்டத்தில், அதாவது அது மேலும் கீழும் போகக்கூடிய தூரத்தில், ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குக்குள் இருக்க வேண்டும். 200 மில்லிமீட்டர் ஓட்டமுள்ள வண்டியில் 60, 65 மில்லிமீட்டர். ஒரு அளவு நாடாவும், வண்டியைப் பிடித்துக்கொள்ள ஒரு நண்பரும் போதும். பிரீலோடை முழுக்க ஏற்றியும் அந்த அளவுக்குள் வரவில்லையா? ஸ்பிரிங் உங்கள் எடைக்குப் போதாது என்று அர்த்தம். பிரீலோட் வண்டியின் பின்பக்கத்தை உயர்த்துமே தவிர ஸ்பிரிங்கைக் கடினமாக்காது. கடினமான ஸ்பிரிங்கைத்தான் மாற்றிப் போட வேண்டும். விலை உயர்ந்த சில வண்டிகளில் மின்னணு சஸ்பென்ஷன் எடையை உணர்ந்து தானே சரிசெய்துகொள்கிறது. நான் ஆசைப்படும் ஒரே ஆடம்பரம் அது. ஆறு ஓட்டு முறைகளும் வண்ணத் திரையும் யாருக்கு வேண்டும்?

இனி என் ராஜ்ஜியம்: பின்சீட்.

ஷோரூமில் பத்து நிமிடம் உட்கார்ந்து பார்த்தால் எல்லாச் சீட்டும் மெத்தைதான். ஒன்றரை மணி நேரத்துக்குப் பிறகுதான் அதன் குணம் தெரியும். எங்கள் முதல் வண்டியின் பின்சீட் முன்னோக்கிச் சரிந்திருந்தது. ஒவ்வொரு பிரேக்குக்கும் நான் வழுக்கிப்போய் உன் அத்தான் முதுகில் மோதினேன். அவர் பெட்ரோல் டேங்க்மீது நசுங்கினார். நாள் முழுக்க இருவரும் ஒருவரையொருவர் தள்ளிக்கொண்டே வந்தோம்; இறங்கியதும் சண்டைதான். அது எங்கள் குணக்கேடு என்றே நினைத்திருந்தேன். வண்டியை மாற்றியதும் சண்டை பாதியாகக் குறைந்துவிட்டது.

ஆகவே அவளை அழைத்துக்கொண்டு போ. ஓட்டும்போது போடும் உடையையும் பூட்ஸையும் போட்டுக்கொண்டு ஏறச் சொல். சீட் தட்டையாக இருக்கிறதா, அகலம் போதுமா என்பதை அவளே சொல்லட்டும். முழங்கால் எவ்வளவு மடங்குகிறது என்பதை நீ பக்கத்திலிருந்து பார். ஃபுட்ரெஸ்ட் உயரமாக இருந்து முழங்கால் செங்கோணத்துக்கும் உள்ளே மடங்கினால் ஒரு மணி நேரத்தில் கால் மரத்துப்போகும். கால் வலிப்பவள் பின்னால் அசைந்துகொண்டே இருப்பாள். 60 கிலோ அசைந்தால் வண்டி என்ன செய்யும் என்று மெதுவாகப் போகும்போது பார்த்துக்கொள்வாய். பக்கப் பெட்டிகளை மாட்டச் சொல்லிவிட்டு மறுபடியும் ஏறச் சொல். பெட்டி இல்லாதபோது சுலபமாக ஏறியவள், பெட்டிக்கு மேலே காலைத் தூக்கிப் போட வேண்டி வரும்போது திணறலாம். குதிகால் பெட்டியில் இடிக்கிறதா, சைலன்சர் காலுக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்றும் பார். என் பழைய பூட்ஸ் ஒன்றின் உள்பக்கம் உருகியிருக்கிறது, வந்தால் காட்டுகிறேன். பிடிக்கும் கம்பி கைக்கு எட்டும் இடத்தில், உடம்பை முறுக்காமல் பிடிக்கும்படி இருக்க வேண்டும்.

காற்றையும் கேட்டுப் பார்க்க வேண்டும். பின்சீட் உயரமாக இருப்பதால் அவளுக்கு உன் தலைக்கு மேலாகச் சாலை தெரியும். எனக்கு இந்த வகை வண்டிகள் பிடித்துப்போனதே அதனால்தான். ஆனால் உன் முன்கண்ணாடி கிளப்பிவிடும் சுழற்காற்று அவள் ஹெல்மெட்டைத்தான் அடிக்கும். உனக்கு அமைதியாக இருக்கும் கண்ணாடி உயரம் அவளுக்குத் தலையாட்டலாக இருக்கும். ஓட்டிப் பார்க்கும்போது அவளைப் பின்னால் வைத்து, சற்று வேகமாகப் போய், இறங்கியதும் அவளிடம் முதலில் கேள்.

முன்சக்கரத்துக்கு நீ மூன்று கட்டம் ஒதுக்கியிருக்கிறாய். நான் மூன்று வரிதான் ஒதுக்குவேன். 21 அங்குலம் கரடுமுரடுக்கு, 19 அங்குலம் சாலைக்கும் மண்பாதைக்கும் பொது, 17 சாலைக்கு. இருவராக, மூன்று பெட்டிகளோடு நீங்கள் மணல்மேட்டில் தாவப் போவதில்லை. 19 போதும். அதைவிட முக்கியம், டயர் டியூப்லெஸ்ஸா என்பது. கம்பிச் சக்கரமாக இருந்தாலும் டியூப் இல்லாமல் ஓடும் வகைகள் வந்துவிட்டன. டியூப் உள்ள பின்சக்கரம் பஞ்சரானால் பெட்டிகளை இறக்கி, சக்கரத்தைக் கழற்றி, டயரை நெம்பி எடுக்க வேண்டும். டியூப்லெஸ்ஸில் ஓர் அடைப்பானைக் குத்தி, காற்றடித்துவிட்டுக் கிளம்பலாம். டயரில் காற்று, இருவர் போவதற்குக் கையேடு சொல்லும் அளவில் இருக்கட்டும். தனியாகப் போகும் அளவைவிட அது பெரும்பாலும் அதிகம்.

எஞ்சினைப் பற்றி நீ கேட்டதற்கு: குதிரைத்திறனைப் பார்த்து மயங்காதே. இந்த இனத்துக்கே வழிகாட்டி என்று சொல்லப்படும் பிஎம்டபிள்யூ ஆர் 80 ஜி/எஸ் 1980-இல் வந்தபோது 798 சிசியில் 50 குதிரைத்திறன்தான் கொடுத்தது. அதற்கும் முன்பு, 1934 டிசம்பரில் தெரசா வாலக், ஃபுளோரன்ஸ் பிளென்கிரான் என்ற இரு பெண்கள் 600 சிசி பாந்தர் மோட்டார் சைக்கிளில் லண்டனிலிருந்து கிளம்பி, சஹாராவைக் கடந்து, 1935 ஜூலையில் கேப்டவுன் போய்ச் சேர்ந்தார்கள். பக்கவண்டியும் அதன் பின்னே ஓர் இழுவண்டியும் பூட்டிக்கொண்டு போனார்கள். வழியில் எஞ்சின் படுத்துவிட்டது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இருவர் பாரத்தோடு மேடேறவும் முந்தவும் உனக்குத் தேவை, எஞ்சின் மெதுவாகச் சுழலும்போதே கிடைக்கும் டார்க். ஒவ்வொரு மேட்டுக்கும் இரண்டு கியர் குறைக்க வேண்டியிருந்தால் ஒவ்வொரு முறையும் என் ஹெல்மெட் அவர் ஹெல்மெட்டில் 'டொக்' என்று இடிக்கும். ஹோண்டா ஆப்பிரிக்கா ட்வினில் கிடைக்கும் டிசிடி எனப்படும் தானியங்கி கியரில் இந்த டொக் ஏறத்தாழ இல்லை. ஓட்டுவதன் சுகமே போய்விடும் என்று உன் அத்தான் சொல்கிறார். சுகம் யாருடையது என்று கேட்டேன், பதில் வரவில்லை. பிரேக்கும் அப்படித்தான்: பின்னால் ஆள் இருக்கும்போது பின்சக்கரத்தில் பாரம் கூடுவதால் பின்பிரேக் நன்றாக வேலை செய்யும். அதை முதலில் மெல்லத் தொட்டுவிட்டு முன்பிரேக்கைப் பிடித்தால் நாங்கள் முன்னால் பாய மாட்டோம்.

உயரத்துக்கு வருகிறேன். எங்கள் வண்டி ஓடும்போது விழுந்ததே இல்லை. நின்றபோது மூன்று தடவை விழுந்திருக்கிறது. மூன்றும் நான் ஏறும்போது அல்லது இறங்கும்போது. நான் இடது ஃபுட்ரெஸ்ட்டில் ஏறி நின்ற நொடியில் முழு எடையும் ஒரு பக்கம் சாய்கிறது. அவருடைய காலின் நுனிவிரல்தான் தரையில் இருந்தது. யமஹா டெனெரே 700-இன் சீட் உயரம் 875 மில்லிமீட்டர். தனியாகப் போகிறவனுக்கு அருமையான வண்டி. உன் கால் நீளத்துக்கு, பின்னால் ஆள் ஏறும் வண்டியாக அதைப் பட்டியலிலிருந்து அடித்துவிடு. இரண்டு பாதமும் தட்டையாக ஊன்ற வேண்டும். நீ முன்பிரேக்கைப் பிடித்துக்கொண்டு 'ஏறு' என்று சொன்ன பிறகுதான் அவள் ஏற வேண்டும். ஹார்லி டேவிட்சன் பான் அமெரிக்காவின் சில வகைகள் நிற்கும்போது தானாகவே தாழ்ந்துகொடுக்கின்றன. இருவர் போவதற்கென்றே யாரோ யோசித்த வசதி அது. விழுந்துவிட்டால் கோபப்படாதே. தூக்குவதற்கு இரண்டு பேர் இருக்கிறீர்கள்.

மேல்பெட்டியைப் பற்றி ஒன்று. அது எனக்குச் சாய்மானம், அதனால் எனக்குப் பிரியம். ஆனால் அது பின் அச்சுக்கும் பின்னால், உயரத்தில் தொங்குகிறது. அதில் போடும் ஒவ்வொரு கிலோவும் முன்சக்கரத்தைத் தூக்கும். மழைச்சட்டை, கையுறை மாதிரி இலேசானவை மட்டும் அதில். கருவிகளும் தண்ணீரும் பக்கப் பெட்டியின் அடியில், முன்பக்கமாக.

எதை வாங்குவது? நீண்ட நெடுஞ்சாலை, நிறைய சாமான் என்றால் பெரிய வண்டியில் ஒன்று. எஞ்சிய நான்கில் ஜிஎஸ்ஸும் ஆப்பிரிக்கா ட்வினும் பான் அமெரிக்காவும் அந்த வகைதான். சின்னச் சாலைகளில் நிதானமாக, இரண்டு துணிப்பையோடு போகிறவர்கள் என்றால், உன் பட்டியலில் கடைசியில் வெட்கப்பட்டு ஒதுங்கி நிற்கும் ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 450 போதும். 40 குதிரைத்திறன், 196 கிலோ. விழுந்தால் தூக்கலாம். நீங்கள் எந்த வகை என்று எனக்குத் தெரியும். உனக்குத் தெரியுமா என்பதில்தான் சந்தேகம்.

எங்கள் வண்டி அடுத்த வாரம் சும்மாதான் நிற்கிறது. வாங்குவதற்கு முன் இரண்டு நாள் எடுத்துக்கொண்டு போய் வாருங்கள். முதல் நாள் அவள் பின்னால். இரண்டாம் நாள், திறந்தவெளியில் மெதுவாக, அவளுக்கும் ஓட்டத் தெரியும் என்பதால், நீ பின்னால் உட்கார். அத்தான் சம்மதித்துவிட்டார். சாவி என்னிடம் இருக்கிறது. அவளையே வந்து வாங்கிக்கொள்ளச் சொல்.

அன்புடன்,
அக்கா