ஊசியின் நுனி மஞ்சள்

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஸ்புரூஸ் என்னும் அந்த ஊசியிலை மரத்தின் கிளை நுனியில் இந்த வருடத்து ஊசிகள் நல்ல பச்சை. அதற்குப் பின்னால் உள்ள பழைய ஊசிகளின் நுனியில்தான் மஞ்சள் ஏறியிருக்கிறது. தண்ணீர் பற்றவில்லையோ என்று கேட்டிருந்தாய். எனக்கு மெக்னீசியக் குறைபாடு மாதிரிதான் படுகிறது. மண்ணில் அது கிடைக்காதபோது மரம் பழைய ஊசியிலிருந்து உருவிப் புதுத் தளிருக்குக் கொடுத்துவிடும். ஊசியைச் சோதித்தால்தான் உறுதியாகச் சொல்ல முடியும்.

அந்த மெக்னீசியம் எங்கே போனது என்பதுதான் என் கவலை. வண்டிப் புகையிலிருந்து நைட்ரஜன் ஆக்சைடுகளும், மாட்டுச் சாணம், உரம் இவற்றிலிருந்து அமோனியாவும் காற்றில் கலக்கின்றன. ஊசியிலை மரங்கள் பெரும்பாலும் குளிர்காலத்திலும் இலை உதிர்ப்பதில்லை. வருடம் முழுக்க சல்லடை மாதிரி நின்று இவற்றைப் பிடிக்கின்றன. மழை அத்தனையையும் கழுவி வேருக்கு இறக்குகிறது.

நைட்ரஜன் என்றால் தழைச்சத்துதானே, மரத்துக்கு நல்லதுதானே என்று தோன்றும். முதலில் அப்படித்தான் இருக்கும், மரம் கிடுகிடுவென வளரும். அப்புறம் மண்ணால் தாங்க முடியாது. மிஞ்சியது நைட்ரேட்டாகி நீரோடு கீழே இறங்கும்போது கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் கூடவே இழுத்துக்கொண்டு போய்விடும். மண்ணில் அமிலத்தன்மை ஏறி, அதிலுள்ள அலுமினியம் கரைந்து, மெல்லிய வேர்களைக் கெடுக்கும்.

அமெரிக்காவில் ஹார்வர்டு காட்டில் 1988 முதல் ஒரு சிவப்பு பைன் தோப்பில் ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 150 கிலோ நைட்ரஜன் போட்டுப் பார்த்தார்கள். 15 ஆண்டுகளுக்குள் பாதிக்கு மேல் மரங்கள் பட்டுப்போயின. காற்றிலிருந்து அவ்வளவு விழுவதில்லை, சரி. ஆனால் ஐரோப்பியக் காடுகளில் 5, 6 கிலோவிலேயே வேர்ப்பூஞ்சைகளின் கூட்டம் மாறத் தொடங்குவதைக் கண்டிருக்கிறார்கள். மரத்துக்கு நீரும் மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) தேடித் தருவது அந்தப் பூஞ்சைகள்தான். அவை போவது மேலே நின்று பார்ப்பவர் கண்ணில் படாது. அதை நினைத்தால்தான் எனக்கு மனசு ஆறவில்லை.

அதனால் யாராவது உரம் போடலாம் என்று சொன்னால், மண்ணைச் சோதிக்காமல் சம்மதிக்காதே. அடுத்த முறை காட்டுக்குப் போகும்போது சருகை விலக்கி, ஒரு சிறு வேரை மட்டும் எடுத்துப் பார். நுனிகள் தடித்து, பூஞ்சை உறை போர்த்தியிருக்கின்றனவா? பட்டையில் தொங்கும் லைக்கன், அதாவது பூஞ்சையும் பாசியும் கூடி வாழும் உயிர், இருக்கிறதா? பண்ணை இருக்கும் பக்கத்து ஓரத்திலும் பார், அமோனியா அங்கேதான் அதிகம் படியும். மூன்றையும் படம் எடுத்து அனுப்பு. வெயில் சாய்வதற்குள் எடு, மஞ்சள் ஒளியில் நிறம் தெரியாது.

அன்புடன்,
அம்மா