நான்காவது கேள்வி

கண்ணா,

உன் வகுப்புப் பிள்ளைகளின் இயற்பியல் விடைத்தாள்களைப் படம் எடுத்து அனுப்பியிருந்தாய். கூடவே ஒரு வரி எழுதியிருக்கலாம். சரி, வேலை இருக்கும். போன் செய்தாலும் எடுப்பதில்லை என்று அக்கா சொல்கிறாள். அதையும் நான் கேட்கப் போவதில்லை. விடைத்தாள்களைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

முதல் கேள்வி. மேலே எறிந்த பந்து உச்சியைத் தொடும் கணத்தில் அதன் மேல் விசை உண்டா? பாதிக்கு மேல் சுழி என்று எழுதியிருக்கிறார்கள். கையால் கொடுத்த விசை பந்துக்குள் இருந்துகொண்டு அதைத் தூக்கிப் போகிறது, அது தீர்ந்ததும் புவியீர்ப்பு ஜெயித்துவிடுகிறது என்று ஒரு பெண் அழகாகவே எழுதியிருக்கிறாள். அதன் மேல் நீ இழுத்த சிவப்புக் கோட்டில் தாள் கிழிந்திருப்பது படத்திலேயே தெரிகிறது. எதற்கு அவ்வளவு கோபம்? கிட்டத்தட்ட அவள் எழுதியதைத்தான் 6-ஆம் நூற்றாண்டில் பிலோபோனஸ் என்ற தத்துவஞானி சொன்னார். 14-ஆம் நூற்றாண்டில் பாரிஸில் இருந்த புரிடான் என்ற தத்துவஞானி அதைக் கூர்மையாக்கி, பொருளுக்குள் புகும் அந்த உந்துதல் பொருளில் அடங்கிய பருப்பொருளின் அளவையும் அதன் வேகத்தையும் பொறுத்தது என்றார். நிறையையும் வேகத்தையும் பெருக்கி உந்தம் என்கிறோமே, அதற்கு எவ்வளவு பக்கத்தில் வந்துவிட்டார், பார். அந்தப் பெண் உந்தத்தைப் போய் விசை என்கிறாள், அவ்வளவுதான். அவளிடம் கேள்: "உள்ளே இருக்கிறது என்கிறாயே, அது உந்தம். அதை மாற்றுவதுதான் விசை. கையை விட்ட பிறகு பந்தைத் தள்ளுவதோ இழுப்பதோ யார்?" காற்றை விட்டுவிட்டால் புவி மட்டும்தான் மிஞ்சும். ஏறும்போதும் உச்சியிலும் இறங்கும்போதும் அதே விசை. உச்சியில் விசை இல்லை என்றால் பந்து அங்கேயே நின்றுவிட வேண்டுமே என்று கேட்டால் வகுப்பு சிரிக்கும். சிரித்தபிறகு மறக்காது.

மூன்றாவதில், சுவரில் 5 மீட்டர்/விநாடி வேகத்தில் மோதிய பந்து அதே வேகத்தில் திரும்புகிறது. திசை திரும்பியதால் உந்தம் மாறியிருக்கிறது. ஆனால் உந்த மாற்றம் சுழி என்று எழுதியவர்களுக்கும் முழுப் பூஜ்யம் போட்டிருக்கிறாய். தத்துவஞானி டெகார்ட்டும் இயக்கத்தின் அளவைத் திசை பார்க்காமல்தான் கணக்கிட்டார். அசையாமல் கிடக்கும் பெரிய பொருளைச் சிறிய பொருள் எவ்வளவு வேகமாக மோதினாலும் அசைக்க முடியாது என்று 1644-இல் அச்சிலேயே எழுதிவைத்தார். ஹைகன்ஸும் வாலிஸும் ரென்னும் வந்து மோதலைச் சரியாகச் சொல்வதற்கு இன்னும் இருபது வருஷத்துக்கு மேல் ஆனது. நியூட்டனின் நூல் 1687. இத்தனை பேர் இத்தனை காலம் தடுமாறிய இடத்தைப் பதினைந்து வயதுப் பிள்ளைகள் உன் வகுப்பில் மூன்று வாரத்தில் தாண்டவில்லை என்று நீ தூங்காமல் இருக்கிறாயாம். தூங்கு.

நல்லாசிரியர் என்று பேர் வாங்கிய எரிக் மசூர் கதையை உனக்குச் சொல்லியிருக்கிறேனா? ஹார்வர்டில் இயற்பியல் கற்பித்தவர். மாணவர்கள் இயக்கத்தைப் பற்றி வைத்திருக்கும் தவறான எண்ணங்களை ஆராய்ந்து ஹல்லூனும் ஹெஸ்டெனஸும் 1985-இல் எழுதியதைப் படித்துவிட்டு, அவர்களுடைய எளிய கேள்விகளைத் தன் மாணவர்களுக்குக் கொடுத்தார். கணக்கெல்லாம் போடத் தெரிந்த பிள்ளைகள் அதில் தடுமாறினார்கள். ஒரு மாணவி எழுந்து, நீங்கள் நடத்தியபடி எழுதவா, நான் நினைக்கிறபடி எழுதவா என்று கேட்டாளாம். அவர் வேலையை விட்டுவிட்டுப் போகவில்லை. கேள்வியைப் போட்டு, பக்கத்தில் இருப்பவரோடு வாதாட விட்டு, மறுபடியும் பதில் கேட்கும் முறைக்கு மாறினார். நீயும் அதைச் செய்யலாம், பணம் காசு எதுவும் வேண்டாம்.

இப்போது நான்காவதுக்கு வருகிறேன். மேசை மேல் புத்தகம். ஒரு பொருள் இன்னொன்றைத் தள்ளினால் அதுவும் அதே அளவில் எதிர்த்திசையில் தள்ளும் என்கிற நியூட்டனின் மூன்றாம் விதிப்படி ஜோடி விசைகள் எவை? உன் விடைக்குறிப்பில் புத்தகத்தின் எடையும் மேசை கொடுக்கும் செங்குத்து விசையும் என்று இருக்கிறது. அது தப்பு, கண்ணா. இரண்டுமே புத்தகத்தின் மேல்தான் செயல்படுகின்றன. ஜோடி விசைகள் ஒரே பொருளின் மேல் இருக்கவே முடியாது. புவி புத்தகத்தை இழுப்பதற்கு ஜோடி, புத்தகம் புவியை இழுப்பது. மேசை புத்தகத்தைத் தள்ளுவதற்கு ஜோடி, புத்தகம் மேசையைத் தள்ளுவது. சந்தேகம் இருந்தால் அந்த மேசையை மேல்நோக்கி முடுக்கம் பெறும் லிஃப்டில் வைத்துப் பார். செங்குத்து விசை எடையைவிடக் கூடிவிடும். மூன்றாம் விதி ஜோடியில் எந்த நிலையிலும் ஒன்று மற்றதைவிடக் கூடவோ குறையவோ செய்யாது. பத்து விடைத்தாள்களில் இரண்டு பேர் சரியாக எழுதி, நீ அடித்திருக்கிறாய். நாளைக்கே மதிப்பெண்ணைத் திருத்திக் கொடு. வகுப்பில் எல்லோர் முன்னாலும் சொல்லிக் கொடு, அதனால் உனக்கு ஒன்றும் குறைந்துவிடாது.

இவ்வளவு திட்டிவிட்டேன். ஆனாலும் போன வருஷம் நீ விரித்துப் பிடித்த போர்வையில் முட்டையை எறியச் சொன்னதை அக்கா சொன்னபோது நான் எத்தனை பேரிடம் அதைச் சொன்னேன் என்று உனக்குத் தெரியாது. மாமாவிடமும் சொன்னேன். மாமா முகம் எப்படி இருந்திருக்கும் என்று நீயே நினைத்துக்கொள். சுவரில் பட்டாலும் போர்வையில் பட்டாலும் உந்த மாற்றம் ஒன்றுதான். நிற்க எடுக்கும் நேரம் நீண்டால் விசை குறையும். அதைக் கார் மோதலுக்கும் பொருத்திச் சொன்னாயாமே, 60 கிலோ ஆள், 15 மீட்டர்/விநாடி, உந்தம் 900. நூறில் ஒரு விநாடியில் நின்றால் சராசரி விசை 90,000 நியூட்டன், பத்தில் ஒரு விநாடியில் நின்றால் 9,000. சீட் பெல்ட்டும் காற்றுப்பையும் வாங்கித் தருவது அந்த நேரத்தைத்தான். அதை அப்படிச் சொல்லிக்கொடுத்தவன் இந்த வருஷம் நோட்ஸ் மட்டும் சொல்லி எழுத வைக்கிறானாம். முட்டை வேண்டாம், சக்கர நாற்காலி இரண்டு போதும். இரண்டு பேரை எதிரெதிரே உட்காரவைத்து, ஒருவரை மட்டும் தள்ளச் சொல். இரண்டு நாற்காலியும் நகரும். கனமானவர் மெதுவாக நகர்வார். மூன்றாம் விதியும், மொத்த உந்தம் மாறாது என்கிற உந்தப் பாதுகாப்பும் அதிலேயே வந்துவிடும்.

நேரத்துக்குச் சாப்பிடு. தூங்கு. சிவப்புப் பேனாவை விட்டுவிட்டுப் பென்சிலால் திருத்து.

பழைய கம்பெனியிலிருந்து திரும்பக் கூப்பிட்டிருக்கிறார்களாம். நல்ல சம்பளம்தான், நான் ஒன்றும் சொல்லவில்லை. எப்போதைக்குள் பதில் சொல்ல வேண்டும் என்று மட்டும் அக்காவுக்குத் தெரியவில்லை.

அம்மா