கடலை காய்க்கக் கை கொடுத்தவர்களுக்கு

அனைவருக்கும் வணக்கம்.

குளிரும் மழையும் மாறி மாறி வரும் மண்ணில் நிலக்கடலையா என்று சிரித்தவர்கள் உண்டு. இந்த மடல், சிரிக்காமல் உதவிக்கு வந்தவர்களுக்கு.

முதலில் விதை கொடுத்த அக்கா. கொடி ரகத்தைத் தொடவே கூடாது என்று அடித்துச் சொன்னீர்கள். வெப்பமான ஊரில் 100, 110 நாளில் முடிகிற கொத்து ரகமே குளிரில் இன்னும் சில வாரம் இழுக்கும்; 130 நாளுக்கு மேல் கேட்கும் கொடி ரகம் இங்கே எப்படித் தேறும்? மண் 18 டிகிரிக்குச் சூடாகும் வரை விதையைக் கையில் எடுக்காதே என்று வெப்பமானியையும் தந்து அனுப்பினீர்களே, அதற்கும் சேர்த்து நன்றி.

மேட்டுப்பாத்தி போட்டு, வடிகால் வெட்டி, கறுப்பு பிளாஸ்டிக் தாள் விரித்த தம்பிகளை மறக்க முடியாது. பூத்ததும் தாளைக் கிழித்து விரித்துவிட்டதும் அவர்கள்தான். பூவிலிருந்து கீழே நீளும் விழுது மண்ணுக்குள் இறங்கினால்தானே காய்!

நுண்ணுயிர் பற்றிச் சொல்லித் தந்த ஆசிரியருக்கு ஒரு தனி வணக்கம். பட்டாணியின் வேரில் வாழ்ந்து காற்றின் தழைச்சத்தைப் பிடித்துத் தரும் ரைசோபியம் என்ற நுண்ணுயிர் கடலைக்கு உதவாது, அதற்கு வேறு இனம் வேண்டும், கடலையே கண்டிராத மண்ணில் அதை நாம்தான் விதையோடு சேர்க்க வேண்டும் என்றார். வேர் முடிச்சை நறுக்கிப் பார்த்தபோது உள்ளே இளஞ்சிவப்பு, நுண்ணுயிர் வேலை செய்கிறது என்று அர்த்தம்! சுண்ணாம்புச்சத்துக்காக ஜிப்சம் போடச் சொன்னவரும் அவரே. கடலைக்காய் தனக்கு வேண்டிய சுண்ணாம்புச்சத்தில் பெரும்பகுதியைச் சுற்றியுள்ள மண்ணிலிருந்து நேராக உறிஞ்சுகிறது. மழை அந்தச் சத்தைக் கரைத்துக்கொண்டு போய்விட்டால் மிஞ்சுவது பொக்குதான்.

ஆனால் பெரிய கடன், கொட்டகையும் மின்விசிறியும் தந்த பெரியவருக்கு. விளைவிப்பதைவிடக் காய வைப்பதுதான் இங்கே கஷ்டம். ஓட்டின் உட்புறம் கறுத்து முற்றிய காய்களைப் பார்த்ததும் “இனி ஒரு நாளும் விடாதே, பிடுங்கு” என்றார். கொத்து ரக விதைக்கு உறக்கம் கிடையாது. முற்றிய பிறகு ஈரம் பட்டால் மண்ணுக்குள்ளேயே முளைவிடும். அப்புறம் செடியோடு தொங்கவிட்டு, காற்று ஓட வைத்து, சூடு 35 டிகிரியைத் தாண்டாமல் இரவெல்லாம் கவனித்தார். தாண்டினால் ருசி கெடும், தோல் உரியும். ஈரம் 10 சதவீதத்துக்குக் கீழே வரும் வரை மூட்டை கட்ட விடவில்லை. பூஞ்சை பிடித்து அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு ஏறிவிட்டால் வறுத்தாலும் முழுதாகப் போகாது. அந்தப் பயம் அவருக்கு என்னைவிட அதிகம்.

விதைக்கு ஒதுக்கிய காய்களை உடைக்காமல் வைத்திருக்கிறேன். உங்கள் எல்லோருக்கும் அதில் பங்கு உண்டு, வந்து வாங்கிக்கொள்ளுங்கள். விதைக்கும் நேரத்தில் உடைத்தால் போதும். நுண்ணுயிர்ப் பொட்டலம் மட்டும் புதிதாக வாங்கிவிடுங்கள், காலாவதியானதை நம்ப வேண்டாம்.

நன்றியுடன்,
கடலை போட்டவன்