கிளட்ச் பெடலை எங்களிடமிருந்து எடுத்துவிடாதீர்கள்

இந்தியாவில் சின்னக் கார் தயாரிக்கும் நிறுவனங்களில், எந்த மாடலுக்கு எந்த இன்ஜின், எந்த கியர்பாக்ஸ், எந்த வேரியன்ட் என்று முடிவு செய்கிறவர்களுக்கு, வணக்கம்.

நான் நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறை ஒன்றில் கணக்கு பார்க்கிறேன். போன வாரம் மதியம் சாப்பிட உட்காரும் நேரத்தில் ஷோரூமிலிருந்து போன் வந்தது. நான்கு மாதத்துக்கு முன்பு 21,000 ரூபாய் முன்பணம் கட்டி நான் புக் செய்திருந்த வேரியன்ட்டை, அதாவது டர்போ (காற்றை அழுத்தி உள்ளே தள்ளிக் கூடுதல் சக்தி தரும்) பெட்ரோல் இன்ஜினும் மேனுவல் கியரும் சேர்ந்திருந்த அந்த ஒரே வேரியன்ட்டை, கம்பெனி நிறுத்திவிட்டதாம். "அதே இன்ஜின் ஆட்டோமேட்டிக்ல இருக்குங்க சார், ஒன்றே கால் லட்சம்தான் கூட வரும். இல்லன்னா எஸ்யூவி பாருங்க, இஎம்ஐ-ல பெருசா வித்தியாசம் வராது" என்றார் அந்தத் தம்பி. அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை, அவருக்கே அன்று காலையில்தான் தெரிந்திருக்கிறது. எந்தக் கம்பெனி, எந்த ஊர் ஷோரூம் என்று இங்கே நான் எழுதப்போவதில்லை. நண்பர்கள் இரண்டு பேருக்கு வேறு வேறு கம்பெனியில் இதே கதைதான் நடந்தது, அதனால் இந்த மடல் உங்கள் எல்லோருக்குமே.

கேட்பது ஒன்றுதான், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்களிடம் இருக்கும் நல்ல இன்ஜினை, மேனுவல் கியரோடு, சின்னக் காரில், விலை குறைந்த வேரியன்ட்டிலும் கொடுங்கள்.

அந்த நான்கு மாதம் எப்படிப் போனது என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். புக் செய்வதற்கு முன் ஓட்டிப் பார்க்கக் கேட்டேன். மேனுவலில் டெமோ வண்டி இல்லை, ஆட்டோமேட்டிக்கை ஓட்டிப் பாருங்கள், ரெண்டும் ஒன்றுதான் என்றார்கள். ரெண்டும் ஒன்று என்றால் நான் எதற்கு அங்கே போய் நிற்கிறேன்? சரி என்று, அந்த மாடலை வைத்திருக்கும் ஈரோட்டுக்காரர் ஒருவரைத் தேடிப் பிடித்து, அவர் பெரிய மனதோடு சாவியைக் கொடுக்க, பெருந்துறை ரோட்டில் ஒரு அரை மணி நேரம் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் பணம் கட்டினேன். இரண்டாவது மாதம் "அடுத்த மாசம் கண்டிப்பா டெலிவரி சார்" என்றார்கள். அதை நம்பி, என் பழைய 2011 மாருதி ஆல்டோ கே10-ஐ அக்கா மகனுக்குக் கொடுத்துவிட்டேன், அவனுக்குத் திருச்செங்கோட்டில் அப்போதுதான் வேலை கிடைத்திருந்தது. அன்றிலிருந்து எனக்குக் கார் இல்லை. அம்மாவைச் சேலத்துக்குக் கண் டாக்டரிடம் பஸ்ஸில்தான் அழைத்துப் போய் வருகிறேன். விஷயம் கேள்விப்பட்டு ஞாயிற்றுக்கிழமை அவன் என் வீட்டுக்கு வந்தான். காபியைக் கையில் வாங்கிக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "மாமா, வண்டிய நானே திருப்பிக் குடுத்துரட்டுமா?" என்று கேட்டான். வேண்டாம்டா என்று சொல்லி அனுப்பினேன். நிறுத்தப் போகிற வேரியன்ட்டுக்கு நான்கு மாதம் பணம் வாங்கி வைத்திருந்ததற்கு நீங்கள் யாரும் ஒரு வரி எழுதவில்லை, மாதம் முந்நூறு ரூபாய் கையில் மிஞ்சும் பையன் காரைத் திருப்பித் தருகிறேன் என்று வந்து நிற்கிறான்.

அந்த கே10-ஐப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் கேட்பது எது என்று அதில்தான் இருக்கிறது. 998 சிசி, மூன்று சிலிண்டர், 68 குதிரைத்திறன், வண்டியின் எடை 800 கிலோகூட வராது, 13 அங்குலச் சக்கரம். பேப்பரில் பார்த்தால் ஒன்றுமே இல்லை. ஆனால் விடியற்காலை ஐந்தரை மணிக்குக் காரவள்ளி அடிவாரத்தில் அதை இரண்டாவது கியரில் போட்டு கொல்லிமலை ஏற ஆரம்பித்தால், மலைமேல் இருக்கும் சோளக்காடு போய்ச் சேர்வதற்குள் 70 கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால் ஹாரன் அடித்து, ஆக்சிலரேட்டரை விட்டு, பிரேக்கைத் தொட்டு, மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கி, ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்து, வளைவு பாதி தாண்டியதும் மெல்ல மிதித்தால் அந்தக் குட்டி இன்ஜின் உறுமிக்கொண்டு எழுந்து வரும் பாருங்கள், அதற்கு எந்தப் பெரிய காரும் ஈடில்லை என்று நான் மனதாரச் சொல்வேன். வேகம் 40-ஐத் தாண்டியிருக்காது. பெரிய வண்டியில் 40 என்றால் தூக்கம் வரும். எடை குறைந்த சின்ன வண்டியில் அதே 40-ல் டயர் என்ன செய்கிறது, ரோடு ஈரமா காய்ந்திருக்கிறதா, பின்பக்கம் எப்படி இருக்கிறது என்பதெல்லாம் கையிலும் முதுகிலும் தெரியும். இன்ஜினில் இருக்கிற சக்தி அத்தனையையும், சட்டத்தை மீறாமல், யாருக்கும் ஆபத்து இல்லாமல் முழுசாகப் பயன்படுத்த முடியும். 200 குதிரைத்திறன் வண்டி வாங்கியவருக்கு நம் ரோட்டில் அந்தப் பாக்கியம் கிடைக்காது.

அப்பா நாக்பூர் லைனில் முப்பது வருடம் லாரி ஓட்டியவர். இறக்கத்தில் "ஏறுன கியர்லயே இறங்கணும்டா" என்பதுதான் அவர் எனக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம். பிரேக்கை மட்டும் நம்பி மலை இறங்கினால் அது சூடாகிப் பிடிக்காமல் போகும், இன்ஜின்தான் வண்டியின் வேகத்தைப் பிடித்து வைக்க வேண்டும். கிளட்சை மிதித்து எந்த நேரத்தில் எந்த கியர் என்று நானே முடிவு செய்வது எனக்கு ஆடம்பரமும் இல்லை, பழைய காலத்துப் பிடிவாதமும் இல்லை. அப்பாவிடமிருந்து கற்றுக்கொண்ட வேலை அது. ஆட்டோமேட்டிக்கை நான் குறை சொல்லவில்லை, சென்னை டிராபிக்கில் தினம் இரண்டு மணி நேரம் ஊர்கிறவருக்கும் முழங்கால் வலி உள்ளவருக்கும் அது பெரிய உதவி. அவர்களுக்குக் கொடுங்கள். எங்களுக்கானதை எடுக்காமல் கொடுங்கள் என்றுதான் சொல்கிறேன்.

வரியைக் காரணம் காட்டுவீர்கள் என்று தெரியும். 4 மீட்டருக்குள் நீளமும் பெட்ரோல் என்றால் 1200 சிசிக்குள் இன்ஜினும் இருந்தால்தான் சின்னக் கார் சலுகை, அது 2006 பட்ஜெட்டிலிருந்தே உள்ள கணக்கு. முதலில் வந்த மாருதி ஸ்விஃப்டில் இருந்த 1.3 லிட்டர் பெட்ரோல் இன்ஜின் போய் 1.2 வந்ததற்கும் இந்தக் கோடு ஒரு காரணம், புரிகிறது. ஜப்பானில் 970 கிலோ எடையில், 1.4 லிட்டர் டர்போ, 6 கியர் மேனுவலோடு விற்ற ஸ்விஃப்ட் ஸ்போர்ட் இங்கே வராததற்கும் அதை ஒரு காரணமாக ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் நான் கேட்பது 1.4 இல்லையே. ஒரு லிட்டர் டர்போ உங்களில் பல பேரிடம் ஏற்கெனவே இருக்கிறது. அது கோட்டுக்குள்தான் வருகிறது. 2025 செப்டம்பர் 22 முதல் இந்த அளவுக்குள் வரும் கார்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம் ஆகிவிட்டது, முன்பு 28 சதவீதமும் அதற்கு மேல் செஸ் என்ற கூடுதல் வரியும் இருந்தது. அரசாங்கம் விட்டுக்கொடுத்த அந்த இடத்தில் நீங்கள் சன்ரூஃப் வைத்தீர்கள், பெரிய ஸ்க்ரீன் வைத்தீர்கள். ஒரு கியர்பாக்ஸுக்கு மட்டும் அதில் இடம் இல்லாமல் போனது.

கொடுத்துப் பார்த்தோம், யாரும் வாங்கவில்லை என்பது அடுத்த பதில். மாருதியின் டர்போ கார் பலேனோ ஆர்எஸ் 2017-ல் வந்தது, நல்ல வண்டி, மூன்று வருடம் போல இருந்துவிட்டுப் போனது. 2018-ல் டாடாவும் கோவையின் ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸும் சேர்ந்து டியாகோ ஜேடிபி கொண்டுவந்தார்கள். 1.2 லிட்டர் டர்போ, 5 கியர் மேனுவல், தாழ்த்திய சஸ்பென்ஷன், ஆரம்ப விலை 6.39 லட்சம். அன்றைக்கு நாங்கள் நண்பர்கள் எல்லோரும் கொண்டாடினோம், நம் ஊர் ஆட்கள் ட்யூன் செய்த கார், நடுத்தரக் குடும்பம் வாங்கக்கூடிய விலை. 2020-ல் வண்டிப் புகைக்கான பிஎஸ்-6 விதி வந்ததும் அதுவும் நின்றுபோனது. வாங்கியவர்களிடம் போய்க் கேளுங்கள், விற்கிறீர்களா என்று. நான் கேட்டேன், ஜேடிபி வைத்திருக்கும் ஒருவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார். இரண்டு மூன்று வருடத்தில் ஒரு காரின் பெயர் கடைக்கோடி ஊருக்குக்கூடப் போய்ச் சேராது. அதற்குள் கணக்கை மூடிவிட்டு, ஆர்வலர்கள் பேசுவார்கள், வாங்க மாட்டார்கள் என்று எங்கள் மேல் பழி போடுவது நியாயமில்லை. 2023-ல் ஹூண்டாய் ஐ20 என் லைனுக்கு முறையான 6 கியர் மேனுவல் கொடுத்தார்கள், அதற்கு மனமார்ந்த நன்றி. ஆனால் பத்து லட்சத்தை ஒட்டிய விலை என் மாதிரி ஆட்களுக்கு எட்டாது.

கடையில் வாங்கிய சாதாரண வண்டியை நாங்களே மாற்றிக்கொள்ளலாமே என்று யாராவது சொல்லக்கூடும். கம்பெனி கொடுத்த அமைப்பிலிருந்து மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. சட்டத்தை மதிக்கிறவன் நான். அதனால்தான் உங்களிடம் வந்து கேட்கிறேன். எங்களுக்கு உள்ள ஒரே வாசல் உங்கள் தொழிற்சாலை வாசல்தான்.

நினைத்துப் பார்த்தால் ஆற்றாமையாக இருக்கிறது. இந்த நாட்டில் சின்னக் கார் இன்ஜினை வைத்துத்தான் ஒரு தலைமுறை ஓட்டக் கற்றது. கோவையைச் சேர்ந்த கார் பந்தய வீரர் கரிவரதன் மாருதி 800-ன் இன்ஜினைப் போட்டு ஃபார்முலா மாருதி என்ற பந்தயக் கார்களைக் கட்டினார். இந்தியாவிலிருந்து முதன்முதலில் 2005-ல் ஃபார்முலா ஒன் போன நரேன் கார்த்திகேயன், ஆரம்ப நாட்களில் ஓட்டியது அந்த ஃபார்முலா மாருதிதான். 796 சிசி இன்ஜினிலிருந்து அவ்வளவு தூரம் போக முடிந்தது. இப்போது ஷோரூமுக்குப் போனால் சீட்டுக்குக் காற்று வருவதைக் காட்டுகிறார்கள், மேலே கண்ணாடி திறப்பதைக் காட்டுகிறார்கள், நிறம் மாறும் விளக்கைக் காட்டுகிறார்கள், இருபது நிமிடம் ஆகியும் இன்ஜின் என்ற சொல் வருவதில்லை. ஏசியைக் குறைக்க ஸ்க்ரீனைப் பார்த்துத் தடவ வேண்டியிருக்கிறது. முன்பு திருகினால் போதும், ரோட்டிலிருந்து கண்ணை எடுக்க வேண்டியதில்லை. ஆர்வலர் என்றால் ஈசிஆரில் ரேஸ் விட்டு வீடியோ போடுகிறவன் என்று ஒரு எண்ணமும் உங்களிடம் இருக்கிறது போல. எங்களில் பெரும்பாலானவர்கள் டயர் காற்றை வாரம் தவறாமல் பார்க்கிறவர்கள், மலையில் ஏறி வரும் வண்டிக்கு ஒதுங்கி வழி விடுகிறவர்கள், பலாப்பழம் ஏற்றி இறங்கும் டெம்போவைப் பொறுமையாகப் பின்தொடர்கிறவர்கள். ஓட்டுவதை நேசிக்கிறவன் கவனமாக ஓட்டுவான்.

கோபத்தில் எங்கெங்கோ போய்விட்டேன், மன்னியுங்கள். கேட்க வந்ததைத் திரும்பவும் பணிவாகக் கேட்கிறேன். சின்னக் காரில், நல்ல இன்ஜினோடு மேனுவல் கியரை, விலை குறைந்த வேரியன்ட்டிலும் கொடுங்கள். சன்ரூஃப் வேண்டாம், அலாய் வீல் வேண்டாம், ஸ்க்ரீன்கூட வேண்டாம், அந்தக் காசில் நல்ல டயரும் உறுதியான பிரேக்கும் போடுங்கள், ஏர்பேக்கில் மட்டும் கை வைக்காதீர்கள். அப்புறம், மாவட்டத்துக்கு ஒரு மேனுவல் டெமோ வண்டியாவது வையுங்கள். ஒரு வேரியன்ட்டை நிறுத்துவது என்று முடிவெடுத்தால், பணம் கட்டிக் காத்திருப்பவர்களுக்குக் கொடுத்து முடித்துவிட்டு நிறுத்துங்கள்.

உங்களில் யாராவது ஒருவர் நேரில் வர முடிந்தால் எனக்கு ரொம்ப மகிழ்ச்சி. ஏதாவது ஒரு சனிக்கிழமை விடியற்காலையில் காரவள்ளிக்கு வாருங்கள். அக்கா மகனிடம் சொல்லி கே10-ஐ வாங்கி வைக்கிறேன், நீங்களே ஓட்டுங்கள், நான் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன். மலைமேல் செம்மேட்டில் காலைச் சாப்பாடு என் செலவு.

முன்பணம் 21,000 ரூபாய் நேற்று என் கணக்குக்குத் திரும்ப வந்துவிட்டது. அதை நான் தொடவில்லை. நீங்கள் அடுத்த விலைப்பட்டியல் போடும் வரை அப்படியே இருக்கும்.

இப்படிக்கு,
நாமக்கல்லிலிருந்து உங்கள் வாடிக்கையாளன்