சுகர் பார்க்க வருகிறவர்களைப் பட்டினியாக நிறுத்தாதீர்கள்

எங்கள் ஊர் அரசு மருத்துவமனையின் தலைமை மருத்துவர் அவர்களுக்கும், தொற்றா நோய்ப் பிரிவைக் கவனிக்கும் அதிகாரிகளுக்கும்,

வணக்கம். சுகர் பார்க்கும் நாளான போன செவ்வாய்க்கிழமை லேப் வாசலில் ஒரு பாட்டி மயங்கி விழுந்த விஷயம் இந்நேரம் உங்கள் காதுக்கு வந்திருக்கும். கை நடுங்கிக்கொண்டே இருந்தது, ஜாக்கெட் முழுக்க வியர்வை, பக்கத்தில் இருந்தவர்கள் "சுகர் ஏறிடுச்சு, சுகர் ஏறிடுச்சு" என்று கத்தினார்கள். ஏறவில்லை, இறங்கியிருந்தது. சிஸ்டர் ஓடி வந்து விரலில் குத்திப் பார்த்தபோது 52. எழுபதுக்குக் கீழே போனாலே லோ சுகர். என் அம்மாவோடு வந்திருந்த நான் எதிர்க் கடையில் சர்க்கரைத் தண்ணீர் வாங்கிக்கொண்டு ஓடினேன். நினைவு இருந்ததால் குடிக்கக் கொடுக்க முடிந்தது. பத்து நிமிஷத்தில் எழுந்து உட்கார்ந்து, முதலில் கேட்டது "என் டோக்கன் போயிடுச்சா?" என்றுதான்.

அந்தப் பாட்டி செய்த ஒரே தப்பு, நீங்கள் சொன்னதையெல்லாம் அப்படியே கேட்டது. வெறும் வயிற்றில் வா என்றீர்கள், வந்தார். காலையில் சாப்பாட்டுக்கு முன் சின்ன மாத்திரை என்று சீட்டில் எழுதிக் கொடுத்தீர்கள், அதையும் போட்டுக்கொண்டார். ரத்தம் கொடுக்கும் நாளில் மாத்திரையைச் சாப்பாடு வரை தள்ளிப்போட வேண்டும் என்று அவருக்கு யார் சொன்னது? சின்ன மாத்திரை கிளிமிப்பிரைடு. நீங்கள் சாப்பிட்டீர்களா இல்லையா என்று அது பார்க்காது, கணையத்தைப் பிழிந்து, சுகரைக் குறைக்கும் இன்சுலினை வெளியே கொண்டுவந்துவிடும். பெரிய மாத்திரையான மெட்ஃபார்மினை மட்டும் போட்டிருந்தால் பெரும்பாலும் இப்படி ஆகாது. இது உங்களுக்குத் தெரியும். பாட்டிக்குத் தெரிய வழியில்லை, அட்டையை வெட்டிக் கொடுப்பதில் மாத்திரையின் பெயரே பாதி போய்விடுகிறது, அவருக்கு எல்லாம் பெரிய வெள்ளை, சின்ன வெள்ளை.

இப்போது அந்த வரிசைக்கு வருகிறேன். ஓ.பி. சீட்டு ஜன்னல் எட்டு மணிக்குத் திறக்கிறது. அங்கே ஒரு வரிசை. அப்புறம் சுகர் நோட்டைக் காட்டி எடை, பிரஷர் பார்க்க இன்னொரு வரிசை. லேபில் முதல் ஆளுக்கு ரத்தம் எடுக்கும்போது ஒன்பதரை, கடைசி ஆளுக்குப் பத்தரை தாண்டிவிடும். முந்தின ராத்திரி எட்டு மணிக்குச் சோறு சாப்பிட்டவருக்கு அது பதினாலு மணி நேரப் பட்டினி. உங்கள் பரிசோதனைக்குத் தேவை எட்டு மணி நேரம். அதற்குப் பிறகு சாப்பிட்டுவிட்டு இரண்டு மணி நேரம் கழித்து வா என்கிறீர்கள். பன்னிரண்டரைக்கு இரண்டாவது ரத்தம், ரிசல்ட் வரும்போது ஒன்றரை, டாக்டர் அறை பூட்டியிருக்கும். "நாளைக்கு வாங்கம்மா." நாளைக்கு வந்தால் இன்னொரு நாள் கூலி போச்சு.

அதனால் சனங்கள் என்ன செய்கிறார்கள் தெரியுமா? ஒரு டீயும் பன்னும் சாப்பிட்டுவிட்டு முக்கால் மணி நேரத்தில் கையை நீட்டுகிறார்கள். கேட்டால் "ரெண்டு மணி நேரம் ஆச்சு சிஸ்டர்." அந்த நம்பரை வைத்துத்தான் மாத்திரை கூடுகிறது, குறைகிறது. பாதிப் பேர் ரத்தமே கொடுக்காமல் மாத்திரையை மட்டும் வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள்.

கேட்பது ஒன்றுதான். செவ்வாய்க்கிழமை ஒரு நாள் மட்டும், காலை ஏழு மணிக்கு ரத்தம் எடுங்கள். ஒரு லேப் டெக்னீஷியன் சீக்கிரம் வந்து சீக்கிரம் போகட்டும். ஓ.பி. சீட்டை முந்தின வாரமே போட்டு வைக்கலாம், நோட்டு நம்பர் இருக்கத்தானே செய்கிறது. ஏழேகாலுக்கு ரத்தம், ஏழரைக்கு இட்லி, ஒன்பதரைக்கு இரண்டாவது ரத்தம், பதினொன்றுக்கு டாக்டர். அரை நாளாவது மிஞ்சும்.

ஏழு மணிக்கு ஆள் வர மாட்டார்கள் என்று மட்டும் சொல்லாதீர்கள். நவம்பர் 14 உலக நீரிழிவு நாள் ஊர்வலம் ஏழு மணிக்குத்தான் கிளம்பியது. பள்ளிக்கூடப் பிள்ளைகள், நீல பலூன், பேனர், முன்வரிசையில் நீங்கள் எல்லோரும். பலூனுக்கு விடிகிற பொழுது ரத்தத்துக்கு விடியாதா?

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தால் இன்று எத்தனையோ பேருக்கு மாத்திரை வீட்டுக்கே வருகிறது, நல்ல விஷயம். ஆனால் இந்த நோய் ஒரே இடத்தில் நிற்பதில்லை. முதலில் உடம்பு இன்சுலின் சொல்வதைக் கேட்க மறுக்கிறது, ஈடுகொடுத்து ஈடுகொடுத்துக் கணையம் வருஷக்கணக்கில் தளர்ந்துபோகிறது. முந்தி போட்ட அதே அளவு மாத்திரை இன்றைக்கும் சரியா என்று யாராவது பார்த்தால்தானே தெரியும்? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023-ல் வெளிவந்தபோது தமிழ்நாட்டில் நூற்றுக்குப் பதினாலு பேருக்கு மேல் சர்க்கரை என்றது. எங்கள் வரிசையைப் பார்த்தால் அது குறைவு என்றே தோன்றும்.

முடிந்தால் எச்பிஏ1சி பரிசோதனையையும் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை சேர்த்துக்கொள்ளுங்கள். அதற்குப் பட்டினியே வேண்டாம், எந்த நேரத்திலும் எடுக்கலாம். கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரியைக் காட்டிவிடும், திங்கட்கிழமை ராத்திரி மட்டும் சோற்றைக் குறைத்துவிட்டு வருகிற எங்கள் வித்தையெல்லாம் அதனிடம் செல்லாது. ரத்தசோகை இருந்தால் அந்தக் கணக்குத் தப்பலாம், இங்கே வரும் பெண்கள் பலருக்கு அது உண்டு, ஆகவே காலை ரத்தத்தை விட்டுவிடவும் முடியாது. ஏழு மணியைத்தான் திரும்பவும் கேட்கிறேன்.

இன்னொன்று, அந்தச் சுவரில் ஒட்டியிருக்கும் உணவு அட்டவணை. ஓட்ஸ், ஆப்பிள், பிரவுன் பிரெட், பாதாம். யாருக்கு ஒட்டினீர்கள்? ரேஷனில் வருவது பச்சரிசியும் புழுங்கலரிசியும். 2023-ல் நீலகிரியிலும் தருமபுரியிலும் இரண்டு கிலோ கேழ்வரகு கொடுக்கத் தொடங்கினார்கள், எங்கள் பக்கம் அதுவும் இல்லை. கேழ்வரகு நல்லது என்று கேட்டவர்கள் அதை மாவாக்கிக் கஞ்சியாகச் சொம்பு சொம்பாகக் குடிக்கிறார்கள், சுகர் சரசரவென்று ஏறுகிறது, "கேப்பை சாப்பிட்டும் குறையலையே" என்று புலம்புகிறார்கள். தட்டில் சோற்றைப் பாதியாக்கி, கீரையையும் அவரைக்காயையும் கூட்டி, சுண்டலோ முட்டையோ சேர்த்துக்கொள் என்று ஒரு படம் போட்டு ஒட்டினால் என்ன செலவு ஆகிவிடும்? கால்களைப் பார்ப்பதும் இல்லை. வருஷத்துக்கு ஒரு முறையாவது செருப்பைக் கழற்றச் சொல்லிப் பாதத்தில் உணர்ச்சி இருக்கிறதா என்று பார்க்க வேண்டாமா, கண்ணின் விழித்திரையைப் பார்க்க வேண்டாமா? சரி, எங்கேயோ போய்விட்டேன். கோபத்தில் எழுதினால் இப்படித்தான். மன்னிக்கவும்.

சிஸ்டர்கள் மேல் எனக்கு வருத்தம் இல்லை, அவ்வளவு பேரை இரண்டே பேர் பார்க்கிறார்கள். நேரத்தை மாற்றும் அதிகாரம் உங்களிடம் இருப்பதால் உங்களுக்கு எழுதுகிறேன். அடுத்த செவ்வாய்க்கிழமையிலிருந்து ஏழு மணிக்கு லேபைத் திறந்து வையுங்கள். ரத்தம் கொடுக்கும் நாளில் எந்த மாத்திரையை எப்போது போட வேண்டும் என்பதை ஒவ்வொரு நோட்டிலும் எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். முடியாது என்றால், ஏன் முடியாது என்பதையாவது ஓ.பி. சீட்டு ஜன்னலுக்கு மேலே தயவுசெய்து எழுதி ஒட்டுங்கள்.

இப்படிக்கு,
செவ்வாய்க்கிழமை வரிசையில் நிற்கும் ஓர் அம்மாவின் மகன்