பின்வரிசையை இரவல் வாங்க முடியாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வன்னிக் கழகங்களின் உதைபந்தாட்டச் சுற்றுப்போட்டி முடிவுகள் பத்திரிகையில் வரும்போது கோல் போட்டவரின் பெயர், நிமிடம், ஆட்டநாயகன் என்று எல்லாம் இருக்கும். கோல் வாங்காத அணியின் பின்களத்தில் நின்றவர்கள் யார் என்று இருக்காது. அவர்களுடைய பெயர் அச்சில் ஏற வேண்டுமானால் ஒரு சொந்தக் கோல் போட வேண்டும், அல்லது சிவப்பு அட்டை வாங்க வேண்டும். கழகங்களும் இதே கண்ணோடுதான் பார்க்கின்றன. அரையிறுதி வந்ததும் வெளியூரிலிருந்து ஒரு ஸ்டொப்பரை (நடுப் பின்கள வீரரை) கூட்டிவந்து நடுவில் நிறுத்துகிறார்கள். அதுவரை ஆடிய பையன் கோட்டுக்கு வெளியே தண்ணீர்ப் போத்தலோடு நிற்கிறான்.

முன்கள வீரரை இரவல் வாங்கலாம். தனியே ஓடி ஒரு கோல் அடித்துத் தந்துவிட்டுப் போவார். பின்வரிசை அப்படியல்ல.

ஒரே கழகத்தில் ஆயுளைக் கழித்த பின்கள வீரர் என்றதும் பவுலோ மல்டினியைச் சொல்வார்கள். 1985 முதல் 2009 வரை இத்தாலியின் ஏ.சி. மிலான் கழகம், 902 ஆட்டங்கள். ஆனால் பாடம் கூடுதலாக இருப்பது அவருக்கு முந்திய தலைவர் ஃபிராங்கோ பரேசியிடம். சிறுவனாக இன்டர் மிலான் கழகத்திடம் போனபோது அவர்கள் அண்ணன் ஜுசெப்பேயை எடுத்துக்கொண்டு இவரை விட்டுவிட்டார்கள். ஆள் அவ்வளவு சிறியவர். வளர்ந்த பிறகும் 1.76 மீற்றர்தான். 1978 ஏப்ரலில், 18 வயது நிரம்புமுன், ஏ.சி. மிலானுக்கு முதல் ஆட்டம். 1980இல் சூதாட்ட விவகாரத்தில் கழகம் இரண்டாம் பிரிவுக்கு இறக்கப்பட்டது. 1982இல் ஆட்டத்திலேயே தோற்று மறுபடி இறங்கியது. இரண்டு முறையும் அவர் அங்கேயே நின்றார். 1997இல் ஓய்வு பெறும்போது 719 ஆட்டங்கள், ஆறு இத்தாலிச் சம்பியன் பட்டங்கள். அவருடைய 6ஆம் இலக்கச் சட்டையைக் கழகம் பிறகு யாருக்கும் கொடுக்கவில்லை.

இதை விசுவாசம் என்று சொல்லிக் கைதட்டிவிட்டுப் போகலாம். ஆனால் கழகம் தன் பக்கத்தில் என்ன செய்தது என்பதையும் பார்க்க வேண்டும். பரேசி வளர்ந்தது மற்றப் பின்கள வீரர்களுக்குப் பின்னால் தனியாக நின்று, தப்பி வரும் பந்துகளைத் துடைக்கும் ஆட்டத்தில். 1987இல் அரிகோ சக்கி பயிற்றுநராக வந்ததும் நால்வரும் ஒரே கோட்டில் நிற்கும் முறைக்கு மாற வேண்டியிருந்தது. 27 வயதில் தொழிலை மறுபடி படித்தார். கழகம் ஆளை மாற்றாமல் முறையை மாற்றிக் கொடுத்தது. தசோட்டி, பரேசி, கொஸ்டகூர்ட்டா, மல்டினி என்ற அந்த நால்வர் வருடக்கணக்காக ஒன்றாக ஆடினார்கள். 1993-94 பருவத்தில் மிலான் 34 லீக் ஆட்டங்களில் வாங்கிய கோல்கள் 15.

அதே வருடம் ஏதென்ஸில் நடந்த ஐரோப்பிய இறுதிப் போட்டியில் பரேசியும் கொஸ்டகூர்ட்டாவும் தடையில் இருந்தார்கள்; மிலான் பார்சிலோனாவை 4-0 என்று வென்றதே என்று யாராவது கேட்கலாம். நல்ல கேள்வி. அன்று நடுவில் நின்றவர்கள் இடப்பக்கத்திலிருந்து நகர்த்தப்பட்ட மல்டினியும், அதே கழகத்தின் இளையோர் அணியில் வளர்ந்த பிலிப்போ கல்லியும். வெளியிலிருந்து ஆள் கூட்டிவரவில்லை. கோட்டுக்கு வெளியே நின்ற ஆளுக்கும் அதே பாடம் தெரிந்திருந்தது.

இரவல் ஸ்டொப்பர் வந்தால் என்ன கெடுகிறது என்பதைச் சொல்கிறோம். நால்வர் வரிசையில் அடுத்தடுத்து நிற்கும் இருவருக்கு இடையே 8 முதல் 10 மீற்றர். 12ஐத் தாண்டினால் நடுவால் பந்து போகும். பந்து இடக் கோட்டோரம் இருந்தால் இடப்பக்கத்தவர் முன்னே போவார். அடுத்தவர் அவருக்கு நாலைந்து மீற்றர் பின்னே சரிந்து நிற்பார். வலப்பக்கத்தவர் தன் கோட்டை மறந்து தூரக் கோல்கம்பத்துக்கு நேரே உள்ளே வந்துவிட வேண்டும். எதிரணி பின்னுக்குப் பந்து கொடுத்தால், அல்லது பந்து வைத்திருப்பவர் முதுகைக் காட்டினால், நால்வரும் ஏறலாம். அவர் யாரும் நெருக்காமல் தலை நிமிர்ந்து நிற்கிறார் என்றால் இறங்கியே ஆக வேண்டும். ஓஃப்சைட் (பந்து வருமுன்னே எதிரணி வீரர் பின்வரிசையைத் தாண்டி நிற்பது) கணக்கு கோல் காப்பாளரையும் சேர்த்துக் கடைசியிலிருந்து இரண்டாவது ஆளை வைத்துத்தான். ஆகவே மூவர் ஏறி ஒருவர் ஒரு மீற்றர் பின்தங்கினால் எதிரணி முழுவதும் சட்டப்படியே நிற்கிறது. பின்தங்குபவர் பெரும்பாலும் புதிதாக வந்தவர். அவரில் பிழையில்லை, அவருடைய ஊரில் வேறு பழக்கம். (நம் மைதானங்களில் இன்னொரு சங்கடமும் உண்டு. சனமும் மோட்டார் சைக்கிள்களும் கோட்டை மூடிவிடுவதால் கொடிக்காரர் வரிசைக்கு நேரே ஓட முடிவதில்லை. ஆகவே பின்வரிசையினர் ஓஃப்சைட் என்று கை உயர்த்திவிட்டு நிற்காமல், உயர்த்திய கையோடு திரும்பி ஓடவும் வேண்டும்.)

அடுத்தது சொல். 'விடு' என்று ஒருவர் கத்துகிறார். ஒரு கழகத்தில் அதற்கு 'கோலி எடுப்பார், பந்தைத் தொடாதே' என்று பொருள். இன்னொன்றில் 'ஆளை விட்டுவிட்டுப் பந்துக்குப் போ.' மற்றொன்றில் 'தூக்கி அடித்து விடு.' இறுதிப் போட்டியில் இரண்டு பேர் ஒரே பந்தைப் பார்த்துக்கொண்டு நிற்க, மூன்றாமவர் வந்து கோல் போடுவது இதனால்தான். ஒரு சொல்லுக்கு ஒரு பொருள் என்று வைத்துக்கொள்ள வேண்டும்: 'என்ர', 'ஏறு', 'இறங்கு', 'அடி', 'ஆள்'. ஐந்து போதும். அந்த ஐந்தும் யோசிக்காமல் காலுக்கு வர ஒரு பருவமாவது ஒன்றாக ஆட வேண்டும். அணிக்கு ஏழு பேர் ஆட்டங்கள் இதைக் கற்றுத் தரா. அங்கே பின்னால் நிற்பது இரண்டு மூன்று பேர்தான்.

நீண்ட காலம் ஆட முழங்கால் வேண்டும். பின்கள வீரர் பின்னோக்கி ஓடி, திரும்பி, எழும்பி, ஒற்றைக் காலில் இறங்குகிறவர். போட்டிகள் மும்முரமாக நடக்கும் கோடையில் கிளிநொச்சி, மாங்குளம் பக்க உள்நிலம் சீமெந்துபோல் இறுகிவிடும். அதில் ஆறு நீள ஸ்டட் உள்ள பூட்ஸ் போட்டால் கால் ஊன்றியபடி நிற்க உடம்பு மட்டும் திரும்பும், ஏ.சி.எல். (முழங்காலுக்குள் எலும்புகளைப் பிணைத்திருக்கும் நார்) அறுவது அந்த நொடியில். குட்டையான ரப்பர் ஸ்டட் நிறைய உள்ள பூட்ஸ்தான் சரி. முல்லைத்தீவுக் கரையோர மணல் முழங்காலுக்கு இதம், கெண்டைத் தசைக்கு வேலை.

'டக்' என்று சத்தம் கேட்டு இரண்டு மணி நேரத்துக்குள் முழங்கால் வீங்கினால் ஏ.சி.எல். என்று சந்தேகிக்க வேண்டும். மறுநாள் மெல்ல வீங்கி, மடக்கி நீட்டும்போது பூட்டிக்கொண்டால் பெரும்பாலும் சவ்வு (மெனிஸ்கஸ், எலும்புகளுக்கு இடையே மெத்தைபோல் இருப்பது). இரண்டையும் குழப்புகிறார்கள். 1994 உலகக் கிண்ணத்தில் நோர்வேயுடனான ஆட்டத்தில் பரேசிக்குக் கிழிந்தது சவ்வு. சத்திர சிகிச்சை செய்து 25 நாளுக்குள் வந்து பிரேசிலுடனான இறுதிப் போட்டியில் 120 நிமிடமும் நின்றார். அதை உதாரணம் காட்டி ஏ.சி.எல். அறுந்தவரை இரண்டு மாதத்தில் இறக்குவது அவரை முடித்துவிடும் வேலை. அதற்குச் சத்திர சிகிச்சைக்குப் பின் ஒன்பது மாதமாவது வேண்டும். எதுவானாலும் முதல் இரண்டு நாளும் நோவெண்ணெய் போட்டு உருவுவதும் சுடு ஒத்தடமும் கூடாது. ஐஸைத் துணியில் சுற்றி 15 முதல் 20 நிமிடம் வைத்து, காலை உயர்த்தி வைத்து, வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

ஃபிஃபாவின் '11+' சூடேற்றும் பயிற்சிக்கு 20 நிமிடம் போதும், பந்தைத் தவிர எதுவும் தேவையில்லை. வாரத்தில் இரண்டு நாளாவது செய்ய வேண்டும். அறுவடைக் காலத்தில் பகல் முழுவதும் வயலில் நின்றுவிட்டு வருகிறவரை மாலையில் இன்னும் ஓட விடாதீர்கள். இங்கிலாந்தின் டொட்டன்ஹாம் கழகம் முழங்கால் தேய்ந்த பின்கள வீரர் லெட்லி கிங்கை வாரநாட்களில் நீச்சலோடு நிறுத்திவிட்டுப் போட்டியன்று மட்டும் ஆடவிட்டது. அப்படித்தான் அவர் அங்கேயே 300 ஆட்டங்களைத் தாண்டினார்.

பரேசி விடைபெற்றது 1997 கோடையில். மல்டினி விடைபெற்றது 2009 மே மாதக் கடைசியில். அந்த இரண்டு வருடங்களும் போரில் வன்னிக்கு எப்படிப் போயின என்பது வாசகர்களுக்குத் தெரியும். ஊரே நிற்காத இடத்தில் ஒரு கழகத்தில் இருபது வருடம் நிற்பது எப்படி? மீளக்குடியமர்ந்த பின் பந்தைத் தொட்ட பிள்ளைகளுக்குத்தான் இப்போது அந்த வாய்ப்பு இருக்கிறது. அதையும் இரவல் ஆட்டத்தில் கெடுக்கிறோம்.

ஆகவே லீக்குகளிடம் ஒரு கேட்பு: காலிறுதிக்குப் பின் குழாமில் புதுப் பெயர் சேர்ப்பதை நிறுத்துங்கள். தங்களிடம் ஒன்று: முடிவுச் செய்தியில் பின்வரிசையின் பெயர்களுக்கு ஒரு வரி கொடுங்கள். கழகங்களிடம் ஒன்று: ஒரு சீ.ஆர். கொப்பி வாங்கி ஒவ்வொரு ஆட்டத்துக்கும் திகதி, எதிரணி, பின்னால் நின்ற நால்வர், வாங்கிய ஒவ்வொரு கோலும் எந்தப் பக்கத்தால், எப்படி வந்தது என்று எழுதி வையுங்கள். பத்து ஆட்டம் எழுதியபின் யாரை மாற்ற வேண்டும், யாரை மாற்றவே கூடாது என்பதை அந்தக் கொப்பியைப் பார்த்து முடிவெடுக்கலாம்.

உதைபந்தாட்டப் பயிற்றுநர்கள் சிலர்,
ஒட்டுசுட்டான்.